வீகன் தட்டுல இரும்பு இருக்கு, உடம்புல ஏறுதா?

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடுமாற்றங்களும் ரெண்டு தடவை சொன்னதும் எடுக்கப்பட்டிருக்கு.)

பி12 எபிசோட் போட்டதுல இருந்து இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப ஒரே கேள்வி: "பி12க்கு மாத்திரை போட்டுக்கலாம்னு சொல்லிட்டீங்க, சரி. இரும்புச்சத்துக்கு என்ன பண்றீங்க?" கேட்டவங்கள்ல பாதிப் பேர் பொண்ணுங்க. இன்னொரு பாதி, வீகனா மாறின பொண்ணுங்களோட அம்மாங்க. அதனால இன்னைக்கு முழு எபிசோடும் இதுதான். நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் எஞ்சினியர். நாலு வருஷமா வீகன். என்னோட ரத்த ரிப்போர்ட்டை வெச்சே பேசறேன்.

போன வருஷம் ஆபீஸ்ல வருஷாந்திர ஹெல்த் செக்கப். ஹீமோகுளோபின் 12.2. பெண்களுக்கு 12க்குக் கீழ போனாதான் ரத்தசோகை. அதனால ரிப்போர்ட்ல பச்சை டிக். ஆனா எனக்கு மூணாவது மாடி ஏறினா மூச்சு வாங்குது, சீப்புல முடி கொத்தா வருது, சாயங்காலம் நாலு மணிக்கு கோட் ரிவ்யூ பண்ணும்போது ஒரே வரியை நாலு தடவை படிக்கறேன். நானே தனியா காசு கட்டி ஃபெரிட்டின் டெஸ்ட் எடுத்தேன். வந்தது 8. பெரியவங்களுக்கு 15க்குக் கீழ இருந்தா இரும்புச் சேமிப்பு காலின்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

இந்த ரெண்டு நம்பருக்கும் உள்ள வித்தியாசத்தைப் புரிஞ்சுக்கிட்டா பாதி விஷயம் முடிஞ்சுது. ஹீமோகுளோபின் உங்க பர்ஸ்ல இருக்கற காசு. ஃபெரிட்டின் பேங்க்ல இருக்கற சேமிப்பு. பர்ஸ் காலியாகாம இருக்க உடம்பு சேமிப்புல இருந்து எடுத்துப் போட்டுக்கிட்டே இருக்கும். சேமிப்பு முழுக்கத் தீர்ந்த பிறகுதான் பர்ஸ்ல குறைய ஆரம்பிக்கும். பர்ஸை மட்டும் எண்ணிப் பார்த்துட்டு "நார்மல்"னு சொன்னா என்ன அர்த்தம்?

வீட்ல சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "சுவரொட்டி வாங்கித் தரவா?" எங்க மதுரைப் பக்கம் ரத்தம் கம்மின்னா ஆட்டு சுவரொட்டிதான் மருந்து. மிளகும் சின்ன வெங்காயமும் போட்டு வறுத்து, காலையிலேயே கொடுப்பாங்க. நேர்மையா சொல்லணும்னா அம்மா சொன்னது அறிவியல்படி தப்பே இல்ல. மண்ணீரல்ல இரும்பு ரொம்ப அதிகம், அதுல ஹீம் வகையும் இருக்கு. ஹீம் இரும்புல 15லிருந்து 35 சதவீதம் வரைக்கும் உடம்புல ஏறும். செடியில இருந்து வர்ற இரும்புல 2லிருந்து 20 சதவீதம்தான். இதை மறைச்சுட்டு "கீரையிலேயே எல்லாம் இருக்கு"ன்னு பேசற வீகன் வீடியோக்கள் எனக்கு ஒத்துக்கறதில்ல.

முதல்ல பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிக்கூடப் பார்க்கல. "வீகனை விட்டுட்டு வாங்க, அப்புறம் பேசலாம்"னுட்டார். அப்போதான் பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். காலேஜ் மூணாவது வருஷத்துல எடுத்த ரிப்போர்ட். அப்போ நான் வீகன் இல்ல, ஞாயித்துக்கிழமை மட்டன் இல்லாம சாப்பாடு இறங்காது. அதுல ஹீமோகுளோபின் 11.4.

என் ஒருத்தி கதை மட்டுமில்ல இது. 2019-21ல எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, தமிழ்நாட்டுல 15லிருந்து 49 வயசு வரைக்கும் உள்ள பெண்கள்ல 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இந்தியா முழுக்க 57 சதவீதம். தமிழ்நாட்டுல தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல அசைவம் சாப்பிடறவங்க. அப்போ சாப்பாட்டுல ஆடு, கோழி இல்லாதது மட்டும் காரணமா இருக்க முடியாது.

ரெண்டாவது டாக்டர் ஒரு அம்மா. அவங்க கேட்டது, "பீரியட்ஸ் எத்தனை நாள்? ஒரு நாளைக்கு எத்தனை பேட்?" அவ்ளோதான். இருபத்தெட்டு வயசுல முதல் தடவையா ஒருத்தர் என்கிட்ட இதைக் கேட்டாங்க.

இங்க கொஞ்சம் கணக்குப் போடலாம், எஞ்சினியர் புத்தி. ஒரு மில்லி ரத்தத்துல ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கு. மாசத்துக்கு 40 மில்லி போனா 20 மி.கி. இரும்பு போச்சு. 28 நாளால வகுத்தா நாளைக்கு 0.7 மி.கி. தோல், குடல் வழியா தினமும் போற ஒரு மி.கி.யோட சேர்த்தா சுமார் 1.7. சிலருக்கு 80 மில்லிக்கு மேலயே போகும். அவங்களுக்கு நாளைக்கு 2.4 மி.கி. தேவைப்படும். எனக்கு அந்த ரெண்டாவது வகை. என்ன சாப்பிட்டாலும் அந்தப் பக்கம் ஓட்டை திறந்தே இருக்கு. அதுக்குத் தனியா ஸ்கேன், தைராய்டு டெஸ்ட், சிகிச்சை எல்லாம் உண்டு. மூணு மணி நேரத்துக்கு ஒரு பேட் மாத்தறவங்க, ஏழு நாளைக்கு மேல போறவங்க, தயவுசெஞ்சு அதை முதல்ல காட்டுங்க. கீரை அப்புறம்.

சரி, இப்போ வரவுப் பக்கம். 2020ல ஐ.சி.எம்.ஆர். கொடுத்த பரிந்துரை: பெண்களுக்கு நாளைக்கு 29 மி.கி., ஆண்களுக்கு 19. நம்ம சாப்பாடு பெரும்பாலும் தானியம், பருப்பு, அதுல கொஞ்சம்தான் ஏறும்னு கணக்குல எடுத்துதான் இவ்ளோ பெரிய நம்பர் வெச்சிருக்காங்க.

ஒரு வாரம் சமையல் தராசு வெச்சு நிறுத்து, ஷீட்ல போட்டுப் பார்த்தேன். சமைக்காத எடையில சொல்றேன், எல்லாமே சுமார்தான். கொள்ளு நூறு கிராம்ல 8.8 மி.கி. கருப்புக் கொண்டைக்கடலை 6.8. கம்பு 6.4. எள்ளு 14, ஆனா யாரும் நூறு கிராம் எள்ளு சாப்பிடப் போறதில்ல, ஒரு ஸ்பூன் எள்ளுப்பொடியில ஒரு மி.கி.க்கு மேல கிடைச்சா லாபம். முருங்கைக்கீரை நாலரை. அரிசி, பாலிஷ் போட்டது, முக்கால் மி.கி.கூட இல்ல.

எல்லாரும் ரத்தத்துக்கு நல்லதுன்னு சொல்ற மாதுளை? 0.3. பீட்ரூட்? 0.8. கலர்தான் சிவப்பு. அம்மா ஆறு மாசமா எனக்கு ஜூஸ் போட்டுக் கொடுத்த மாதுளைக்கு ஆன செலவுல ஒரு வருஷத்துக்குக் கொள்ளு வாங்கியிருக்கலாம்.

பாலக் கீரைக்கு 3 மி.கி. அதுல இருக்கற பாலிஃபீனால், ஆக்ஸலேட் காரணமா கொஞ்சம்தான் ஏறும். பத்தொன்பதாம் நூற்றாண்டுல ஒருத்தர் தசமப்புள்ளியைத் தப்பா வெச்சதால பாலக் கீரைக்கு இந்தப் பேர் வந்துச்சுன்னு ஒரு கதை எல்லா டெக் மீட்டப்லயும் சொல்வாங்க. அந்தக் கதைக்கே ஆதாரம் இல்லன்னு மைக் சட்டன்னு ஒரு ஆய்வாளர் 2010ல எழுதினார். பாப்பாய் கீரை சாப்பிட்டதும் வைட்டமின் ஏக்காகத்தானாம். பக் பத்தின கதையிலயே பக்.

கணக்குக்குத் திரும்புவோம். கொள்ளு, கடலை, கம்பு, கீரை, எள்ளுன்னு சேர்த்தா எனக்கு நாளைக்கு 20 மி.கி.யை ஒட்டி வந்துச்சு. 29 எப்பவாவதுதான் தொட்டேன். ஆனா 20ல 5 சதவீதம் ஏறினா 1 மி.கி. 10 சதவீதம் ஏறினா 2 மி.கி. அதாவது, இன்னொரு 5 மி.கி.யைத் தட்டுல திணிக்கறதைவிட, இருக்கறதை ஏற வைக்கறதுதான் பெரிய லாபம். நான் மாத்தின எல்லாமே இந்த ஒரு கணக்குல இருந்து வந்ததுதான்.

முதல் வேலை காபி. வீகனானாலும் நமக்கு ஃபில்டர் காபி போகல, சோயா பால்ல போடறோம், அவ்ளோதான். இட்லியோட சேர்ந்தே ஒரு டம்ளர் காபி. 1983ல வந்த ஒரு ஆய்வுல, சாப்பாட்டோட குடிச்ச காபி இரும்பு ஏறறதை 39 சதவீதம் குறைச்சுது, டீ 64 சதவீதம். அதுல சுவாரசியமான விஷயம் என்னன்னா, சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி குடிச்ச காபி எதையும் குறைக்கல. ஒரு மணி நேரம் கழிச்சுக் குடிச்சது, கூடவே குடிச்ச அளவுக்கே குறைச்சுது. அதனால நான் எழுந்ததும் ஆறரைக்குக் காபி, எட்டு மணிக்கு டிபன். அப்புறம் பதினொண்ணு வரைக்கும் எதுவும் கிடையாது. காபியை விடச் சொன்னா நான் வீகனையே விட்டிருப்பேன். நேரத்தை மாத்தறது முடிஞ்சுது.

அடுத்தது வைட்டமின் சி. அதே வேளைச் சாப்பாட்டுல இருக்கணும், காலையில ஜூஸ் குடிச்சுட்டு மதியம் கடலை சாப்பிட்டா பிரயோஜனம் இல்ல. பெரிய நெல்லிக்காய்ல நூறு கிராமுக்கு 250 மி.கி., கொய்யாவுல 200க்கு மேல. மதியம் டப்பாவுல அரைக் கொய்யா போட்டுக்கறேன். எலுமிச்சை பிழியறதுன்னா அடுப்பை அணைச்சப்புறம், கொதிச்சா வீணாப் போகும். நிறைய பேர் கேட்டாங்க, புளி போதாதான்னு. போதாது. புளிப்பா இருந்தா வைட்டமின் சி இருக்கும்னு இல்ல, புளியில அது ரொம்பக் குறைவு.

இந்த விஷயத்துல எனக்குப் பிடிச்ச உதாரணம் மெரினா தேங்கா மாங்கா பட்டாணி சுண்டல். ஊறவெச்ச பட்டாணி, பச்சை மாங்கா. இரும்பும் வைட்டமின் சியும் ஒரே பொட்டலத்துல. யாரும் நியூட்ரிஷன் படிச்சுட்டுச் செஞ்சதில்ல.

ஊறவைக்கறதும் முக்கியம். பயறு, தானியத்துல ஃபைடேட்னு ஒண்ணு இரும்பைப் பிடிச்சு வெச்சுக்கும். ஊறவெச்சு முளைகட்டினா, மாவைப் புளிக்க வெச்சா அது குறையும். கம்பு கலந்து அரைச்ச தோசை மாவு ஒரு ராத்திரி புளிக்கட்டும். கொள்ளு ரசம் வைக்கறவங்க, வெந்த தண்ணியை மட்டும் குடிச்சுட்டுக் கொள்ளை மாட்டுக்குப் போடாதீங்க, இரும்பு கொள்ளுலதான் இருக்கு. இரும்புச் சட்டியில தக்காளித் தொக்கு வெச்சா கொஞ்சம் இரும்பு கரைஞ்சு வரும், அது போனஸ். கால்சியம் மாத்திரை போடறவங்க சாப்பாட்டு நேரத்துல போடாம தள்ளி வெச்சுக்குங்க.

இதெல்லாம் செஞ்சா 8 சரியாகிடுமா? ஆகாது. இதை யாராவது சொல்லித்தான் ஆகணும். சேமிப்பு முழுக்கக் காலியானா சாப்பாட்டுல நிரப்ப ரொம்ப நாளாகும், மாத்திரை வேணும். எனக்கு டாக்டர் கொடுத்தது ஒரு நாள் விட்டு ஒரு நாள். தினமும் போட்டா சீக்கிரம் ஏறாதான்னு கேட்டேன். ஒரு டோஸ் உள்ள போனதும் கல்லீரல்ல இருந்து ஹெப்சிடின்னு ஒரு ஹார்மோன் கூடி, அடுத்த நாள் வரைக்கும் கதவைப் பாதி சாத்திடும். 2017ல, இரும்பு குறைஞ்ச பெண்கள்கிட்ட சுவிட்சர்லாந்துல பண்ணின ஆய்வுல, ஒரு நாள் விட்டுக் கொடுத்தப்போ அதிகமா ஏறிச்சு. எனக்கு இது ரேட் லிமிட் மாதிரி தெரிஞ்சுது, அடிச்சுக்கிட்டே இருந்தா ரிக்வெஸ்ட் வீணாத்தான் போகும். கர்ப்பிணிகளுக்கும், ரத்தசோகை கடுமையா இருக்கறவங்களுக்கும் கணக்கு வேற, அவங்க டாக்டர் சொல்றபடிதான் போடணும். மலம் கருப்பாப் போகும், பயப்படாதீங்க. சிலருக்கு மலச்சிக்கல் வரும். கேப்ஸ்யூல்னா ஜெலட்டின் இருக்கும், மாத்திரையா எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. வீட்ல சின்னக் குழந்தை இருந்தா எட்டாத இடத்துல வைங்க, இரும்பு மாத்திரை குழந்தைகளுக்கு விஷம்.

டெஸ்ட் பண்ணாம மாத்திரை வாங்கிப் போடாதீங்க. சிலருக்கு ஹீமோகுளோபின் குறையறது தலசீமியா ட்ரெய்ட்னால. அதுக்கு இரும்பு மருந்தில்ல. ஃபெரிட்டின் எடுக்கறதுன்னா காய்ச்சல், சளி இருக்கும்போது எடுக்காதீங்க, வீக்கம் இருந்தா அது பொய்யா உயர்ந்து காட்டும்.

வீகன்களுக்கு இன்னொண்ணு. இரும்பு குறைஞ்சா சிவப்பணு சின்னதாகும், பி12 குறைஞ்சா பெருசாகும். ரெண்டும் சேர்ந்து குறைஞ்சா? எம்.சி.வி.ங்கற சராசரி அளவு நார்மல்னு வரும். பாதி ரிக்வெஸ்ட் டைம் அவுட் ஆகும்போது ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைமைப் பார்த்து சர்வர் ஓகேன்னு சொல்ற மாதிரி. பக்கத்துலயே ஆர்.டி.டபிள்யூ.ன்னு ஒரு வரி இருக்கும், அது கூடியிருந்தா பி12, ஃபெரிட்டின் ரெண்டையும் கேட்டு எடுங்க.

நாலு மாசம் கழிச்சு எனக்கு ஃபெரிட்டின் 31, ஹீமோகுளோபின் 13.1. பீரியட்ஸுக்கான சிகிச்சையும் சேர்ந்துதான் இது வந்துச்சு, கொள்ளுக்கு மட்டும் மாலை போட முடியாது. அடுத்த டெஸ்ட் ஜனவரியில. சேமிப்பு இறங்கிச்சுன்னா திரும்ப மாத்திரை. அம்மாகிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கேன். அவங்க இப்போதைக்கு "ம்"னு மட்டும் சொல்லியிருக்காங்க.

அடுத்த எபிசோட் அயோடின். கல் உப்பு, இந்துப்பு மட்டும் சாப்பிடறவங்க கண்டிப்பா கேளுங்க. கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, ஒரு நிமிஷத்துக்குள்ள. வரட்டா.