கூரை மடங்கும் கார்

நம் நாட்டில் கார் வைத்திருப்பவர் வெயிலுக்கு நிழல் தேடுவார். மழைக்குக் கொட்டகை தேடுவார். ஆண்டில் ஐந்து மாதம் காரை ஓட்டாமலே பூட்டி வைக்கலாமா என்று அவர் யோசிப்பதில்லை. நான் குடியிருக்கும் கனடா நாட்டு டொரான்டோ நகரத்திலோ, ஐப்பசி பிறந்து மேப்பிள் இலைகள் உதிரத் தொடங்கியதும், கூரை மடங்கும் கார் வைத்திருப்போரை இந்தக் கேள்வி வாட்டத் தொடங்கிவிடும். என்னையும் அது இரண்டு பனிக்காலம் வாட்டியது. மூன்றாவதிலேதான் ஒரு முடிவுக்கு வந்தேன்.

அந்தக் கார் நான் வாங்கியதன்று, என் தமையனாருடையது. 1989-ஆம் ஆண்டில் சிகாகோ மோட்டார் கண்காட்சியிலே மஸ்டா நிறுவனத்தார் 'மியாட்டா' என்ற சிறு வண்டியை அறிமுகம் செய்தார்கள். அவ்வகையில் 1994-ஆம் ஆண்டு செய்யப்பட்ட வண்டி இது. இருவர் மட்டுமே அமரலாம். வினைல் கூரையைக் கையாலேயே பின்னுக்கு மடித்துவிடலாம். தமையனார் மறைந்த பின், அண்ணியார் சாவியை என்னிடம் கொடுத்து, "தம்பி, இதைப் பூட்டி வைத்துப் பூசை செய்யாதீர்கள். அவர் ஓட்டியது போல நீங்களும் ஓட்டுங்கள்" என்றார். அந்தச் சொல்லைத் தட்ட எனக்கு மனம் வரவில்லை. ஆகவே முதல் பனிக்காலம் முழுவதும் ஓட்டினேன்.

ஓட்ட முடியாது என்பதில்லை. கோடைக்கால டயரின் ரப்பர், வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் விறைத்துப் பிடிப்பை இழக்கும். பனிக்கால டயர் நான்கும் மாட்டிவிட்டால், இந்தச் சிறு வண்டியும் பனியிலே ஒழுங்காகவே செல்லும். அண்டை மாகாணமான கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அத்தகைய டயர் கட்டாயம். எங்கள் ஒன்டாரியோவில் அப்படியில்லை என்றாலும் நான் மாட்டினேன். உண்மையான பகை பனியன்று, உப்பு!

ஹ்யூரான் ஏரியின் கரையில் காட்ரிச் என்றோர் ஊர் உண்டு. அங்கே ஏரிக்கு அடியில், ஏறத்தாழ 550 மீட்டர் ஆழத்தில், உலகிலேயே மிகப் பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் இருக்கிறது. அவ்வாறு வெட்டியெடுத்த உப்பைச் சாலைகளிலே இறைத்துப் பனிக்கட்டியைக் கரைக்கிறார்கள். மனித உயிரைக் காக்கும் அந்த உப்பு, இரும்பைத் தின்கிறது. கரைந்த உப்புநீர் தகடுகளின் இடுக்குகளிலே புகுந்து துருவை விரைவாக்குகிறது. நனைந்த வண்டியைக் கதகதப்பான கொட்டகையில் நிறுத்தினால் துரு இன்னும் வேகமாக வளரும்.

மியாட்டாவுக்குத் தனியாகவும் ஒரு நலிவு உண்டு. கூரையில் விழும் நீர், இருக்கைகளின் பின்புறமுள்ள இரு குழாய்கள் வழியே கீழிறங்குகிறது. உதிர்ந்த இலைகள் அந்தக் குழாய்களை அடைத்தால், நீர் கதவின் அடிப்பகுதித் தகட்டுக்குள் தேங்கிவிடும். உள்ளே நீர், வெளியே உப்பு. வசந்தத்தில் மெக்கானிக் வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின்சக்கரத்துக்கு முன்னாலிருந்த தகட்டைத் திருப்புளியால் குத்திக் காட்டினார். திருப்புளி உள்ளே போய்விட்டது. தமையனாரின் கையைப் பிடித்து யாரோ முறுக்கியது போல இருந்தது எனக்கு.

இரண்டாம் பனிக்காலத்தில் பூட்டி வைத்தேன். ஆனால் அரைமனத்தோடு பூட்டினேன். அண்ணியார் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்ததால், வாரந்தோறும் சென்று எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டுத் திரும்புவேன். அன்பினால் செய்த பெரும் பிழை அது. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகிறது. நெடுந்தூரம் ஓடினால் புகைக்குழாய் சூடேறி அந்த ஈரம் வெளியேறிவிடும். பத்து நிமிடத்தில் வெளியேறாது. எண்ணெயிலும் குழாயிலும் தங்கித் துருவுக்கு விருந்தாகும். எஞ்சினைக் கிளப்புவதில் பேட்டரி இழந்த சக்தியும் அந்தச் சிறு நேரத்தில் மீளாது. பங்குனியில் சென்று பார்த்தபோது பேட்டரி செத்திருந்தது. இருக்கைக்கு அடியில் எலிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன.

அப்போதுதான் ஒன்று விளங்கியது. ஓட்டுவதானால் முழுமையாக ஓட்ட வேண்டும். உறங்க வைப்பதானால் முழுமையாக உறங்க வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே நிற்பதுதான் கேடு.

மூன்றாம் ஆண்டு, உப்பு இறைக்கத் தொடங்குமுன்பே வேலையை முடித்தேன். குழாய்களிலிருந்த இலைகளை அகற்றி, அடிப்புறம் வரை கழுவி நன்றாகக் காயவைத்தேன். எண்ணெயைப் புதிதாக மாற்றினேன். டாங்கி நிறையப் பெட்ரோல் ஊற்றி, அது கெடாமலிருக்கச் சேர்க்கும் மருந்தையும் கலந்து, அந்தக் கலவை எஞ்சின் வரை பரவச் சற்றுத் தூரம் ஓட்டினேன். டயர்களில் காற்றைச் சிறிது கூட்டினேன். கைப் பிரேக்கைப் போட்டால் அதன் கட்டைகள் ஒட்டிக்கொள்ளக்கூடும். ஆகவே சக்கரத்துக்கு முட்டுக்கட்டை வைத்தேன். முழுச் சக்தியுள்ள பேட்டரி கடுங்குளிரையும் தாங்கும். சக்தி இழந்ததோ எளிதில் உறைந்து வெடித்துவிடும். எனவே அதற்கென்றுள்ள சிறு மின்கருவியோடு இணைத்து வைத்தேன். கூரையை மடிக்காமல் விரித்தே விட்டேன். குளிரில் மடித்த வினைல் வெடிக்கும், அதிலுள்ள பிளாஸ்டிக் சாளரமும் கீறும். புகைக்குழாயின் வாயை எலி புகாதபடி இரும்பு நாரால் அடைத்து, மறவாதிருக்க ஸ்டியரிங்கில் ஒரு சீட்டும் கட்டினேன். காற்றோட்டமுள்ள துணியால் போர்த்தினேன். இன்ஷூரன்ஸை அறவே நிறுத்தவில்லை. தீக்கும் திருட்டுக்கும் உரிய பகுதியை வைத்துக்கொண்டேன்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. ஐந்து மாதம் நானும் என் மனைவியும் பஸ்ஸுக்காகப் பனியில் நிற்கிறோம். பஸ் வராத இடத்தில் வேலை செய்பவருக்கு இந்த யோசனை பயன்படாது. மீண்டும் வாங்கக்கூடிய புதுக் காரானால், பனிக்கால டயர் மாட்டி, அடிக்கடி கழுவி, ஓட்டிக்கொள்ளலாம். மீண்டும் வாங்க முடியாத ஒன்றானால் உறங்க வைப்பதே நல்லது.

தை மாதத்தில் அண்ணியார் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, கார் ஓடுகிறதா?" நான் தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னேன். சற்று நேரம் மௌனமாக இருந்தார். பிறகு, "அவரும் இரண்டு பனிக்காலம் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நிறுத்தினார்" என்றார்!

முதல் வெயிலைக் கண்டதும் நான் வண்டியை எடுத்துவிடவில்லை. சாலையில் எஞ்சிய உப்பைச் சித்திரை மழை கழுவும் வரை பொறுத்தேன். பிறகு இரும்பு நாரை அகற்றி, கூரையை மடித்து, அண்ணியாரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு ஒன்டாரியோ ஏரிக்கரையோரமாக ஓட்டிச் சென்றேன். காற்று இன்னும் குளிராகத்தான் இருந்தது. ஆயினும் கூரையை மூடச் சொல்லி அவர் கேட்கவில்லை.