மண்ணும் நீரும் காக்கும் தொழில்கள்
(மன்னார்குடியில் கூடிய நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சுற்றுச்சூழல் என்னும் சொல் நம் பாட்டனார் அறியாதது. அச்சொல் குறிக்கும் வேலைகளையோ அவர்கள் நன்கறிவார்கள். நீடாமங்கலத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரியும் தலைப்பில் மதகைத் திறந்து மூடிய லஸ்கரும், வாய்க்கால் நீரை முறைவைத்துப் பாய்ச்சிய நீர்க்கட்டியும், கோடையில் குடிமராமத்துக்கு ஆள் கூட்டிய கிராமத்தாரும் அவற்றையே செய்தனர். (வேலைக்கு வரத் தவறியவரிடம் பணம் வசூலிக்க 1858-ஆம் ஆண்டில் சென்னை ராஜதானியில் ஒரு சட்டமே பிறந்தது; ஆகையால் அந்நாளில் யாவரும் மனமுவந்து மண்வெட்டி தூக்கினர் என்று நாம் எண்ண வேண்டியதில்லை.)

இன்று அவ்வேலைகள் கருவியும் கணக்கும் கூடிய தொழில்களாகிவிட்டன. மண்ணைப் பரிசோதிப்பவர், நீரின் உப்பை அளப்பவர், கழிவுநீரைச் சுத்திகரிப்பவர், கடலோரக் காட்டை வளர்ப்பவர் ஆகியோருக்குத் தனித்தனிப் பயிற்சியும் சான்றும் ஏற்பட்டு வருகின்றன. 2015-இல் இத்தகைய பசுமைத் தொழில்களுக்குப் பாடத்திட்டம் வகுக்க மத்திய சர்க்காரின் ஆதரவில் ஒரு குழுமம் தோன்றிற்று. 2017-இல் சுற்றுச்சூழல் அமைச்சகமும் பசுமைத் திறன் பயிற்சிகளைத் தொடங்கிற்று. நம்மவர் வீடுகளிலோ பிள்ளைக்கு எஞ்சினீயர், டாக்டர், ஆபீஸ் உத்தியோகம் என்னும் மூன்றுக்கு மேல் நான்காவது வழி தோன்றுவதில்லை. அந்நான்காவது வழியைப் பற்றியே பேச வந்தோம்.

இவ்வறிவு இல்லாவிடின் என்ன நேரும் என்பதற்கு வேறெங்கும் உதாரணம் தேட வேண்டாம். 2010-ஆம் ஆண்டில் நம் மன்னார்குடியின் பெயராலேயே ஏறத்தாழ 690 சதுர கிலோமீட்டர் பரப்பில் நிலக்கரிப் படிவ மீத்தேன் எடுக்க ஒரு கம்பெனிக்கு உரிமை வழங்கப்பட்டது. பூமிக்கடியில் நிலக்கரிப் படிவத்தை அழுத்தி நிற்கும் நீரை முதலில் இறைத்து வெளியேற்றினாலன்றி அவ்வாயு கிளம்பாது. அங்ஙனம் இறைத்தால் நம் வடிமுனைக் கிணறுகளின் கதி யாது, வெளிவரும் உப்புநீர் எந்த வாய்க்காலில் விடப்படும் என்ற கேள்விகளைத் திண்ணையிலிருந்து கேட்கத் தெரிந்தவர் மிகச் சிலர். நம்மாழ்வார் ஊர் ஊராய்ச் சென்று அவற்றை விளக்கினார். அம்முயற்சியினிடையே 2013 டிசம்பர் 30-ஆம் தேதி பட்டுக்கோட்டைக்கருகில் அத்திவெட்டியில் உயிர் நீத்தார். 2015-இல் மாநில சர்க்கார் அத்திட்டத்தை மறுத்தனர். 2020-இல் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் வந்தது. ஆயினும் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி பெருந்திட்டங்களுக்குப் பொதுவிசாரணை நடத்துமுன் மக்களுக்குக் கிடைக்கும் அவகாசம் முப்பது நாளே. அதற்குள் பல நூறு பக்க அறிக்கையைப் படித்து, அதிலுள்ள நிலத்தடி நீர்க் கணக்கு மெய்யா என்று சொல்ல ஊருக்கொருவரேனும் வேண்டாமா?

மீத்தேன் என்றாலே முகஞ்சிவக்கும் நாம் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். நீர் தேங்கிய நம் நெல்வயலிலும் அதே வாயு உண்டாகிறது. நீர் மூடிய சேற்றில் காற்றுப் புகாதபோது சில நுண்ணுயிர்கள் அதனை உண்டுபண்ணுகின்றன. நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அது கரியமில வாயுவினும் சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. இதற்கு மாற்றாக விஞ்ஞானிகள் கூறும் உபாயமோ நமக்குப் புதிதன்று. காய்ச்சலும் பாய்ச்சலும் என்று நம் உழவர் சொல்வதேயாம். துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து, உள்ளே நீர்மட்டம் மண்ணுக்குக் கீழ் 15 சென்டிமீட்டர் இறங்கியபின் மறுபடி நீர் பாய்ச்சுவர். பூக்கும் பருவத்தில் மட்டும் காயவிடார். இதனால் நூற்றுக்கு 30 பங்கு வரை நீர் மிச்சமாகும். மீத்தேனும் கணிசமாய்க் குறையும். இக்குறைவை அளந்து விலைக்கு விற்கும் வியாபாரமும் இப்போது கிளம்பியிருக்கிறது. அளப்பவன் வெளியூரானாகவே இருப்பின், கிடைப்பதில் உழவனுக்கு எவ்வளவு வரும் என்பதை யாம் சொல்ல வேண்டுவதில்லை.

முத்துப்பேட்டைக்குச் சென்றவர்கள் அலையாத்திக் காட்டைக் கண்டிருப்பீர்கள். நம் பாமணியாறும் கோரையாறும் போய்ச் சேரும் காயல் அது. முற்காலத்தில் மரங்களை அடியோடு வெட்டிய இடங்களில் மண் காய்ந்து பள்ளமாகி, புகுந்த கடல்நீர் வெளியேறாமல் தேங்கி உப்பேறிற்று. அங்கு கன்று நட்டாலும் பிழைக்கவில்லை. வனத்துறையாரும் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் கிராமத்தாரைக் கூட்டிக்கொண்டு மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, ஓதநீர் வந்து மீளும்படி செய்தபின்னரே காடு தழைத்தது. சரிவை அளக்கும் கருவியும் வேண்டியிருந்தது. ஓதம் எப்போது எவ்வளவு ஏறும் என்னும் மீனவர் அறிவும் வேண்டியிருந்தது. இத்தொழில்கள் யாவற்றின் இயல்பும் இதுவே.

இதுவரை தலையசைத்தவர்கள் இனிச் சொல்வதற்கும் அசைப்பார்களா என்பது ஐயம். கழிவுத்தொட்டியும் சாக்கடையும் சுத்தம் செய்வதும் சுற்றுச்சூழல் தொழிலே. மனிதர் மலத்தை மனிதர் அள்ளுவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. காப்புக் கருவியின்றி ஒருவனைத் தொட்டிக்குள் இறக்குவது குற்றம். இருந்தும் விஷவாயுவால் மாண்டோர் செய்தி நின்றபாடில்லை. மாண்டவரிற் பெரும்பாலார் தாழ்த்தி வைக்கப்பட்ட வகுப்பினர். 'அது நம் குலத்துக்குரிய வேலையன்று' என்று நாம் ஒதுங்கியிருப்பதே அவ்வேலை இயந்திரமும் சம்பளமும் மரியாதையும் பெறாமைக்கு ஒரு காரணம் என்று துணிந்து கூறுவோம். வாயுவை அளக்கும் கருவியைக் கையாளவும், சுத்திகரிப்பு நிலையத்தை நடத்தவும் நம் பிள்ளைகளும் கற்கட்டும். அங்கத்தினர் எவரும் தம் வீட்டுத் தொட்டிக்குள் ஆளை இறக்குவதில்லை என்று இன்றே தீர்மானம் நிறைவேற்றுதல் வேண்டும். இதில் வாக்குவாதத்துக்கே இடமில்லை என்பது எம் கருத்து.

பயிற்சிக்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. நீடாமங்கலத்தில் வேளாண் அறிவியல் நிலையமும், தஞ்சைக்கருகே காட்டுத்தோட்டத்தில் மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையமும், ஆடுதுறையில் நெல் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. சங்கத்தின் உபகாரச் சம்பளத்தில் ஆண்டுக்கு இரண்டை இத்தொழில்கள் பயில்வோருக்கு ஒதுக்குமாறு காரியக் கமிட்டியாரைக் கேட்டுக்கொள்கிறோம், ஒன்றேனும் பெண்பிள்ளைக்காகட்டும்.

அதற்கு முன்பே எல்லோரும் தொடங்கக்கூடியது மண் எடுத்தல். 2015-இல் வந்த மண்வள அட்டைத் திட்டத்தில் பன்னிரண்டு குணங்கள் பரிசோதிக்கப்படுகின்றன. மண்ணைச் சரியாக எடுக்காவிடில் பன்னிரண்டும் பொய். வரப்போரமும், மர நிழலும், எருக்குவித்த இடமும் விலக்கி, வயலில் பத்திடங்களில் ஆப்பு வடிவாக 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கவாட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே கனமாகச் செதுக்கிய மண்ணைக் கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பங்கு இரண்டை நீக்கி, அரைக்கிலோ மிஞ்சும்வரை அங்ஙனமே செய்தல் வேண்டும். தாளடி அறுவடையாகி நிலம் காயும் பங்குனியே இதற்கேற்ற காலம். வர விரும்பும் இளைஞர் காரியதரிசியிடம் பெயர் கொடுக்கலாம். மண்வெட்டியும் சுத்தமான வாளியும் கொண்டுவருக. உரச்சாக்கு வேண்டாம், அதில் ஒட்டிய உரம் பரிசோதனையைக் கெடுத்துவிடும்.