மதிலோரம் ஒரு மரபு நடை



குமரி மாவட்டத்தில், தக்கலையிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே வந்தால் பத்மநாபபுரம். வெளியூர்க்காரர்கள் வருகிறார்கள், திருவிதாங்கூர் மன்னர்களின் அரண்மனையைச் சுற்றிப் பார்க்கிறார்கள், வாசலில் ஓர் இளநீர் குடித்துவிட்டுத் திற்பரப்புக்கோ கன்னியாகுமரிக்கோ வண்டியேறிவிடுகிறார்கள். அரண்மனை வளாகம் ஆறரை ஏக்கர்தான். அதைச் சுற்றிக் கோட்டைக்குள் இருக்கும் ஊர் 180 ஏக்கருக்கும் மேல். கருங்கல் மதிலின் நீளம் மட்டும் ஏறத்தாழ 4 கிலோமீட்டர். நீலகண்டசுவாமி கோயிலையும் அதன் தெப்பக்குளத்தையும், ராமசுவாமி கோயிலில் மரத்தில் செதுக்கிய ராமாயணக் காட்சிகளையும் பார்க்காமலே திரும்புகிறவர்கள் ஏராளம்.

மதிலை ஒட்டி, ஊருக்குள்ளே புகுந்து போகும் ஒரு மரபு நடைப் பாதை இங்கே வர வேண்டும். அதன் ஓரத்தில் ஊர்க்காரர்கள் கைப்பட்ட கலை வேலைகள் இருக்க வேண்டும். இது என் நெடுநாள் ஆசை. அந்த வேலையை யாரிடம் கொடுப்பது, எதைக் கொண்டு செய்யச் சொல்வது என்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

குமரி மாவட்டத்துக்கு நடை புதிதல்ல. மகா சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் ஓடுகிற மண் இது. முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு சிவாலயங்கள், நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம். அதில் ஏழாவது கோயில் கல்குளம், அதாவது நம் நீலகண்டசுவாமி கோயில். காவி உடுத்தி, "கோவிந்தா, கோபாலா" என்று கூவிக்கொண்டு ஓடிவரும் அடியவர்களின் கையில் பனையோலை விசிறி இருக்கும். சுவாமிக்கு வீசுவதும் அதைக் கொண்டுதான், களைத்தால் தங்களுக்கு வீசிக்கொள்வதும் அதைக் கொண்டுதான். வழியெங்கும் மோரும் பானகமும் கொடுப்பார்கள். நவராத்திரிக்கு முன்னால் தேவாரக்கெட்டு சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இதே பத்மநாபபுரத்திலிருந்துதான் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருள்கிறார்கள். அந்த வழியில் கோலமும் குருத்தோலைத் தோரணமும் குலைவாழையும் நிற்கும். இரண்டு நாளில் எல்லாம் வாடி மண்ணோடு போய்விடும். சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத கலை என்று இன்று நாம் தேடுவதை நம் பாட்டிமார் வாசலில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கலைக்கு என்ன பொருள் என்ற கேள்விக்கும் அரண்மனையே பதில் வைத்திருக்கிறது. அந்தக் கறுப்புத் தரையைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். மேலே தெரியும் மரச் சட்டங்களின் நிழல் அதில் விழுந்து கிடக்கும். தேங்காய்ச் சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, மணல், செடிகொடிச் சாறுகள் சேர்ந்த கலவை என்று சொல்லிக் காட்டுவார்கள். இத்தனை கால்கள் மிதித்த பிறகும் குளிர்ச்சியும் மினுக்கமும் போகவில்லை.

அரண்மனைக்குள் உள்ள உப்பரிகை மாளிகையின் மேல்தளத்துச் சுவரோவியங்களும் அப்படித்தான். பார்வையாளர் எல்லோரும் ஏறிப் பார்க்க முடியாத இடம் அது. கேரளச் சுவரோவிய மரபின் முறையைச் சொல்கிறேன், கேளுங்கள். சுண்ணாம்பும் மணலும் சேர்த்துச் சாந்து பூசுவார்கள். அதன்மேல் இளநீரில் கரைத்த சுண்ணாம்பை ஒன்றின்மேல் ஒன்றாக இருபது முப்பது பூச்சு கொடுப்பார்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவி மண், கறுப்புக்கு நல்லெண்ணெய் விளக்கின் கரி, பச்சைக்கு அவுரிச் சாறு. வண்ணத்தைப் பிடித்து நிறுத்த வேப்பம்பிசின். வெள்ளைக்குத் தனியாக எதுவும் வேண்டாம், சுவரை அப்படியே விட்டுவிட்டால் போதும்.

இதைப் பார்த்தபிறகு, மரபு நடைக்கு அழகூட்டுகிறோம் என்று டப்பா டப்பாவாகப் பிளாஸ்டிக் பெயிண்டை இறக்குவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இது வெறும் பழமைப் பாசமல்ல. நம் ஊரில் ஆண்டுக்கு இரண்டு பருவமழை. பழைய சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். அதன்மேல் பிளாஸ்டிக் படலம் ஏறினால் ஈரம் உள்ளேயே தங்கும், உப்புப் பூத்து, பெயிண்ட் கொப்புளித்து, செதில் செதிலாக உதிரும். உதிர்ந்தது ஓடையிலும் வயலிலும் போய்ச் சேரும். சுண்ணாம்போ காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித் திரும்பவும் கல்லாகிறது, சுவரையும் மூச்சுவிட வைக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: அவுரிப் பச்சை போன்ற செடி வண்ணங்கள் வெயிலில் நிற்காது. தெருச் சுவருக்குக் காவியும் கரியும்தான் சரி.

சென்னை கண்ணகி நகரில் 2020 வாக்கில் அடுக்குமாடிக் குடியிருப்புச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். அந்தப் பகுதியைப் பற்றி ஊர் பேசிய பேச்சை அந்த ஓவியங்கள் மாற்றின. நல்ல காரியம்தான். ஆனால் கான்கிரீட் சுவருக்குப் பொருந்துவது கோட்டை மதிலுக்குப் பொருந்தாது. மதில் கல்லில் ஒரு தூரிகைகூடப் படக்கூடாது, ஓர் ஆணிகூட இறங்கக்கூடாது. வரைவதற்குப் பள்ளிக்கூடச் சுவர் இருக்கிறது, வீட்டுக்காரர் மனமுவந்து தரும் சுற்றுச்சுவர் இருக்கிறது.

செய்யும் கைகளைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். சுங்கான்கடையில் மண்பாண்டம் வனைகிறவர்கள் இருக்கிறார்கள். வழிகாட்டிப் பலகைகளைப் பிளெக்ஸில் அடிப்பதற்குப் பதிலாக அவர்களிடம் சுட்ட மண் பலகைகளாகக் கேட்கலாம். மயிலாடிச் சிற்பிகளிடம் தூரக்கல் செதுக்கச் சொல்லலாம். அதற்காகப் புதிதாக ஒரு மலையை உடைக்கக்கூடாது, பட்டறையில் மிஞ்சிக் கிடக்கும் துண்டுக் கல்லே போதும். பனையோலை முடைகிறவர்களும் கயிறு திரிக்கிறவர்களும் திருவிழாக் காலங்களில் பந்தல் அலங்காரம் செய்து தரட்டும், அது ஒரு பருவம் இருந்து மட்கிப் போகட்டும்.

மட்கிப் போவதற்கா காசு கொடுப்பது என்று யாராவது கேட்பார்கள். இத்தாலியில் திரெந்தினோ பகுதியின் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் ஆர்தே செல்லா என்ற இடம் உண்டு. 1986 முதல் கிளை, இலை, கல், மரத்தடி கொண்டு கலைஞர்கள் அங்கே காட்டுப் பாதையோரம் படைப்புகள் செய்கிறார்கள். மழையும் பனியும் அவற்றைக் கரைப்பதும் படைப்பின் ஒரு பகுதி என்று ஏற்றுத்தான் தொடங்கினார்கள். 2018 அக்டோபரில் பெரும்புயல் அடித்துப் பலத்த சேதம். மறுபடி எழுந்துகொண்டார்கள். ஒரு முறை செய்து திறப்புவிழா நடத்திவிட்டு மறந்துவிடுகிற கலையைவிட, ஆண்டுதோறும் ஊர் கூடிப் புதுப்பிக்கிற கலைக்கு ஆயுள் அதிகம்.

அதனால்தான் ஒப்பந்தம் எழுதும் இடத்தில் கவனம் வேண்டும். சதுர அடிக்கு யார் குறைந்த விலை கேட்கிறாரோ அவருக்கு என்று டெண்டர் விட்டால், கடைசியில் வருவது மலிவான பெயிண்ட்தான். கைவினைஞருக்கு அச்சாரம் முதலிலேயே கொடுக்க வேண்டும், மண் வாங்கவும் சூளை வைக்கவும் அவருக்குக் கையில் காசு வேண்டாமா? எந்தப் பொருளில் செய்வது என்பதையும், அது பழுதானால் எங்கே போகும் என்பதையும் தாளிலேயே எழுதிவிட வேண்டும். பராமரிப்புக்கென்று பணத்தில் ஒரு பங்கைத் தனியே ஒதுக்க வேண்டும். எதை வரைவது என்பதைத் தெருவில் குடியிருப்பவர்களிடம் கேட்காமல் ஒரு கோடுகூடப் போடக்கூடாது. கோயிலில் விளக்கேற்றும் பாட்டிக்கும், தறியோட்டிய தாத்தாவுக்கும், வயலில் நாற்று நட்ட அக்காவுக்கும் அந்தச் சுவரில் சொல்ல ஏதாவது இருக்கும்.

இன்னொரு சிக்கலையும் சொல்லியாக வேண்டும். 1956 நவம்பர் 1-ல் குமரி தமிழகத்தோடு இணைந்தது. அரண்மனையோ இன்றும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. சுற்றியுள்ள தெருக்கள் பத்மநாபபுரம் நகராட்சியின் பொறுப்பு. ஒரு நடைப் பாதை என்றால் இரண்டு அரசுகளும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். முடியாத காரியமா? நவராத்திரி ஊர்வலத்துக்காக மன்னரின் உடைவாள் கைமாறும்போது இரு மாநில அமைச்சர்களும் உப்பரிகை மாளிகையில் ஒன்றாக நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோமே.

கோட்டைக்குள் குடியிருக்கும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்கள் வார்டு உறுப்பினரிடம் இதைப் பற்றிப் பேசுங்கள். ஆசிரியர்களே, அடுத்த முறை பள்ளிச் சுவருக்கு வண்ணம் அடிக்கும்போது ஒரே ஒரு சுவரையாவது சுண்ணாம்புக்கும் காவிக்கும் விடுங்கள். பழைய சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களைத் தேடிக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரச் செய்யுங்கள். அவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. இந்த ஆண்டே தொடங்குங்கள்.