பெண் குழந்தைக்கு ஒரு பெயர்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நான் புலவனல்லன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு இந்த நாகபுரிக்கு வந்து, ரயில் நிலையத்தின் முன்பதிவுச் சாளரத்துக்குப் பின்னே இருபது ஆண்டுகளுக்கு மேலாக அமர்ந்திருப்பவன். "எதைப் பற்றிப் பேசுவது?" என்று நம் செயலாளரைக் கேட்டேன். "உமக்குத் தெரிந்ததைப் பேசும்" என்றார். எனக்குத் தெரிந்தவை பெயர்கள்தாம். நாள்தோறும் நூற்றுக்கணக்கான பெயர்கள் என் சாளரத்தைக் கடந்து செல்கின்றன. ஆகவே நம் பெண் குழந்தைகளுக்குப் பெயர் சூட்டுவதைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறேன்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். என் மகள் பிறந்தபோது, மதுரைப் பக்கத்துக்காரியான என் தாய், "கயல்விழி என்று வை" என்றாள். கயல் என்பது மீன்; பாண்டியர் கொடியில் பறந்தது. மதுரையில் கோயில் கொண்ட மீனாட்சிக்கே தமிழில் அங்கயற்கண்ணி என்றுதானே பெயர்! ஆனால் நான் அஞ்சினேன். இவ்வூரில் யார் வாயில் ழகரம் நுழையும்? ஆங்கில எழுத்தில் எழுதினால் "கயல்விஜி" என்றன்றோ படிப்பார்கள்! பள்ளியில் பிள்ளையை நகையாடுவார்களே என்றெண்ணி, எவரும் எளிதில் சொல்லக்கூடிய ஓர் ஈரெழுத்துப் பெயரைப் பதிவு செய்துவிட்டேன். "ஊரார் வாய்க்குப் பயந்தா பிள்ளைக்குப் பெயர் வைக்கிறாய்?" என்று என் தாய் கேட்டாள். நான் மறுமொழி சொல்லவில்லை. அவள் மட்டும் கடைசி வரையில் பேத்தியைக் "கயல்" என்றே அழைத்து வந்தாள்.

மகளுக்குப் பத்து வயதானபோது, அவரவர் பெயரின் பொருளை எழுதி வருமாறு பள்ளியில் சொல்லியனுப்பினார்கள். "அப்பா, என் பெயருக்கு என்ன பொருள்?" என்று வந்து நின்றாள். அந்த ஈரெழுத்துக்கு ஓசை உண்டு, பொருள் இல்லை. நான் திகைத்து நின்றேன். சற்றுப் பொறுத்து அவளே, "பாட்டி கூப்பிடுகிற பெயரை எழுதிக் கொள்ளட்டுமா?" என்றாள். அடுத்த ஆண்டே என் தாய் மறைந்தாள். அவளோடு அந்தப் பெயரும் எங்கள் வீட்டில் ஒலிப்பது நின்றுவிட்டது.

நண்பர்களே! பெயர் வைப்பதில் நமக்கு வறுமையே இல்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று நிலத்தைப் பகுத்த நம் முன்னோர், அந்த ஐந்துக்கும் செடிகொடி மரங்களின் பெயர்களையே வைத்தார்கள். கோவலனைக் கவர்ந்த மாதவியின் பெயரும் ஒரு கொடியின் பெயரே. குருக்கத்தி என்பது அதன் தமிழ்ப் பெயர். பூவிலே அல்லி, தாமரை, செண்பகம். ஆற்றிலே காவிரியாகிய பொன்னி, தாமிரபருணியாகிய பொருநை, வைகை. வானத்திலே நிலா, மதி, முகில். பறவையிலே அன்னம், குயிலி என்று விரல் விட்டு எண்ணினால் விரல்தான் போதாது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மலையெல்லாம் பூப்பது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030இல் பூக்க வேண்டும். 2018இல் பிறந்த பெண்ணுக்குக் குறிஞ்சி என்று பெயரிட்டிருந்தால், அவளுக்குப் பன்னிரண்டு நிரம்பும் ஆண்டில் மலையே அவள் பெயரைப் பூத்துக் காட்டும்!

"இவையெல்லாம் தமிழ்நாட்டில் இருப்போருக்குப் பொருந்தும், பிழைக்க வந்த இடத்தில் எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு இரண்டு செய்திகள் சொல்வேன்.

சில ஆண்டுகளுக்கு முன் அயர்லாந்து தேசத்துப் பெண்மணி ஒருவர் என் சாளரத்துக்கு வந்தார். படிவத்தில் ஆர், ஓ, ஐ, எஸ், ஐ, என் என்று பெயர் எழுதியிருந்தது. "ராய்சின்" என்று படித்தேன். அவர் சிரித்து, "ரோஷீன்" என்று திருத்தினார். தம் நாட்டு மொழியில் அதற்குச் சிறு ரோஜா என்று பொருளாம். அந்நாட்டின் பழைய பாட்டொன்றில் நாட்டையே கரிய சிறு ரோஜாவாக உருவகித்துப் பாடியிருக்கிறார்கள் என்று பின்னர் அறிந்தேன். ஆங்கிலேயர் ஆட்சியில் அவர்கள் மொழி நலிந்தது. ஐரிஷ் பெயர்கள் பதிவேடுகளில் ஆங்கில உருவம் பெற்றன. அப்படியிருந்தும் தம் எழுத்து முறையை அவர்கள் கைவிட்டு விடவில்லை. "போகுமிடமெல்லாம் தவறாகத்தான் படிக்கிறார்கள், நான் திருத்திச் சொல்லுகிறேன், அவ்வளவுதான்" என்றார் அந்த அம்மையார். ஒரு முறை திருத்தியதும் எனக்கு அப்பெயர் மறக்கவில்லை. ழகரத்துக்காக நான் அஞ்சிய அச்சம் எவ்வளவு சிறியது என்று அன்று உணர்ந்தேன்.

இரண்டாவது செய்தி நம்முடையது. கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களின் பெயர்கள் அடுக்கி வருகின்றன. அந்தப் பாட்டை அவர் யாருக்காகப் பாடினார்? ஆரிய அரசன் பிரகதத்தனுக்குத் தமிழை அறிவிப்பதற்காகப் பாடினார் என்று பழங்குறிப்புக் கூறுகிறது. தமிழறியாத ஒருவருக்குத் தமிழைக் காட்ட வந்த புலவர், அத்தனை மலர்களையும் நிறுத்தாமல் முன்னே கொட்டினார். பூவின் பெயர் அயலாரை விலக்குவதில்லை, அருகே அழைக்கிறது.

இதை எங்கள் குடியிருப்பிலேயே கண்டேன். சென்ற தை மாதம் என் தம்பிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பெயர் தேடிக் கொடுக்கும் பொறுப்பை என் மகளிடம் விட்டேன். ஒரு வாரம் ஆராய்ந்து "முல்லை" என்றாள். பெயர் சூட்டும் நாளன்று பக்கத்து வீட்டு மராட்டிய அம்மையார் வந்து, "முல்லை என்றால் என்ன?" என்று கேட்டார். என் மகள் தன் தலையிலிருந்த சரத்தில் ஒரு பூவைக் கிள்ளி அவர் கையில் வைத்தாள். அவர் முகர்ந்து பார்த்து, "அட, இது எங்கள் ஜுயி அல்லவா! என் பேத்தியின் பெயரும் இதுதானே!" என்று வியந்தார். மராட்டியர் வழக்கத்தில் தந்தையின் உடன்பிறந்தாளான ஆத்யாதான் குழந்தையின் காதில் பெயரை ஓதுவாளாம். நம் அத்தையும் அவர்கள் ஆத்யாவும் ஒரே உறவு. ஓசையிலும் எவ்வளவு நெருக்கம்! அன்று எங்கள் தங்கை அத்தை முறையில் குழந்தையின் காதில் மும்முறை பெயர் சொன்னாள். அந்த அம்மையார் தம் பேத்தி ஜுயியைத் தொட்டிலருகே நிறுத்தி மகிழ்ந்தார்.

இளம் பெற்றோருக்குச் சில நடைமுறைக் குறிப்புகளும் சொல்லி முடிக்கிறேன். மருத்துவமனையில் கேட்கிறார்களே என்று அவசரப்பட்டு வாயில் வந்த பெயரைக் கொடுத்துவிட வேண்டா. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பை முதலில் பெயரின்றியும் பதியலாம். பின்னர்ப் பன்னிரண்டு திங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். தேர்ந்த பெயரைத் தமிழிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதிப் பாருங்கள். வீட்டு முற்றத்தில் நின்று உரக்கக் கூப்பிட்டும் பாருங்கள். ஓர் எழுத்துமுறையை முடிவு செய்து, எல்லாப் பத்திரங்களிலும் அதையே எழுதுங்கள். 2023 அக்டோபர் முதல் நாளிலும் அதற்குப் பின்னும் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளியில் சேரவும் பிறப்புச் சான்றிதழே ஆதாரமாகிறது. ஆதலால் அதில் பிழை நேராமல் பார்த்துக் கொள்ள வேண்டும். இது சீட்டு எழுதும் குமாஸ்தாவின் அனுபவம்; ஓரெழுத்து மாறினால் படும் பாட்டை நான் அறிவேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாளை அந்தப் பெண் "என் பெயருக்கு என்ன பொருள்?" என்று கேட்கும்போது சொல்வதற்கு ஒரு விடையை வைத்துக் கொள்ளுங்கள். நம் பிள்ளைகளிற் பலர் தமிழ் எழுத்தை அறியாமலே வளர்கிறார்கள். அவர்கள் வாழ்நாளெல்லாம் உடன் கொண்டு செல்லப்போகும் தமிழ்ச் சொல் அந்த ஒன்றாகவே இருந்துவிடவும் கூடும். அதையேனும் நல்ல சொல்லாகக் கொடுப்போம்.

என் மகளுக்கு இப்போது வயது பதினாறு. அவள் பெயரைப் பத்திரத்தில் மாற்ற எண்ணவில்லை. ஆனால் முல்லைக்குப் பெயர் சூட்டிய அன்று முதல் நான் அவளைக் கயல் என்றே அழைக்கிறேன். முதல் நாள் திரும்பிப் பார்த்தவள் ஒன்றும் பேசவில்லை, "என்னப்பா?" என்று மட்டும் கேட்டாள்.