ஊரைப் பார்க்காத எம்.பி: போர்ட்டார்லிங்டன் கதை

இன்னைக்கு அயர்லாந்து போறோம். பாரோ ஆத்தங்கரையில, லீஷ், ஆஃபலி ரெண்டு கவுன்ட்டிக்கும் எல்லையில இருக்கிற சின்ன ஊர், போர்ட்டார்லிங்டன்.

1800 வரைக்கும் அயர்லாந்துக்குன்னு டப்ளின்ல தனி பார்லிமென்ட் இருந்தது. மொத்தம் 300 உறுப்பினர்கள். போர்ட்டார்லிங்டனுக்கு அதுல ரெண்டு சீட். 1801-ல அயர்லாந்து பிரிட்டனோட இணைஞ்சதும் லண்டன்ல கிடைச்சது வெறும் 100 சீட். 80-க்கும் மேற்பட்ட ஊர்கள் தொகுதி அந்தஸ்தையே இழந்தன. அந்தத் தொகுதிகளைக் கையில் வைத்திருந்த பிரபுக்களுக்குத் தொகுதிக்கு 15,000 பவுண்டு நஷ்டஈடு கொடுத்தாங்க. கவனிங்க, ஓட்டு போட்ட மக்களுக்கு இல்ல. தொகுதின்னா சொத்து, சொத்து போனா இழப்பீடு. அவ்வளவுதான் கணக்கு.

போர்ட்டார்லிங்டன் தப்பிச்சது, ஒரு சீட்டோட. ஆனா வாக்காளர்கள் சுமார் 12 பேர்தான். அவங்க யாருக்கு ஓட்டு போடணும்னு அந்த ஊர்ப் பிரபு சொல்லிடுவார். அவருக்கோ பணக் கஷ்டம்.

1819-ல வந்தார் டேவிட் ரிக்கார்டோ. பங்குச் சந்தையில பெரும் பணம் சம்பாதிச்சவர், பொருளாதாரப் பாடத்துல நாம படிக்கிற அதே ரிக்கார்டோதான். சீட்டுக்கு 4,000 பவுண்டு, கூடவே பிரபுவுக்கு 25,000 பவுண்டு கடன். எம்.பி ஆயிட்டார். 1823-ல இறக்கிற வரைக்கும் அந்த சீட் அவர்கிட்டதான். அந்த ஊர்ப் பக்கம் ஒரு தடவைகூட போகல.

ஆச்சரியம் என்னன்னா, ஆள் நல்ல எம்.பி. பணக் கொள்கை, தானிய இறக்குமதி வரின்னு அவர் பேசினதை சபை கவனிச்சுக் கேட்டது. தேர்தல் சீர்திருத்தம் வேணும், ரகசிய வாக்கெடுப்பு வேணும்னும் பேசினார். அதாவது, தன்னை உள்ளே விட்ட கதவையே மூடச் சொன்னார்! காசு கொடுத்து வந்ததால எந்தக் கட்சிக்கும் அவர் கடன்பட்டிருக்கல.

அப்போ இந்த முறை நல்லதுதானேன்னு சிலர் கேக்கலாம். நம்ம பாஷையில சொல்றேன்: ஒரு டெஸ்ட் பாஸ் ஆச்சுங்கிறதுக்காக கோட் சரின்னு ஆயிடாது. ரிக்கார்டோ நல்லவரா அமைஞ்சது அதிர்ஷ்டம். அதே விலைக்கு ஒரு மோசமான ஆள் வந்திருந்தா, அவரை இறக்க போர்ட்டார்லிங்டன் மக்கள்கிட்ட என்ன வழி இருந்தது? ஒண்ணுமே இல்ல. பிரதிநிதி திறமைசாலியாங்கிறது ஒரு கேள்வி. அவரை மாத்த நமக்கு அதிகாரம் இருக்காங்கிறது வேற கேள்வி. ரெண்டாவதுதான் ஜனநாயகம்.

1832 சீர்திருத்தம் ஆண்டுக்கு 10 பவுண்டு மதிப்புள்ள வீடு வைத்திருந்தவர்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. ரகசிய வாக்கெடுப்பு 1872-லதான் சட்டமாச்சு, ரிக்கார்டோ இறந்து 49 வருஷம் கழிச்சு. 1885-ல போர்ட்டார்லிங்டன் தொகுதியே இல்லாம போச்சு.

உங்க தொகுதி எம்.பி கடைசியா எப்போ ஊருக்கு வந்தார்னு யோசிச்சு வைங்க. அடுத்த எபிசோடுல பேசுவோம்.