இரண்டாம் தடவை கேட்கலாமா?

(கடையத்தில் செய்த சொற்பொழிவு)



ஒரு தேசத்து மக்களிடம் ஒரு பெரிய காரியத்தைப் பற்றி ஓட்டு எடுத்து முடிவு செய்துவிட்ட பிறகு, அதே காரியத்தைப் பற்றி அவர்களை இரண்டாம் தடவை கேட்கலாமா, கூடாதா? இந்தக் கேள்வி 2016-ம் வருஷத்துக்குப் பிறகு மூன்று வருஷ காலம் பிரிட்டன் தேசத்தையே இரண்டாக்கிற்று. அந்தச் சங்கதியைக் கடையத்தில் வந்து பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். நமக்குப் பக்கத்திலுள்ள செங்கோட்டைத் தாலுகாவின் ஒரு பகுதி 1956-ம் வருஷம் நவம்பர் 1-ந் தேதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது உங்களுக்குத் தெரியும். அது பார்லிமெண்டுச் சட்டத்தால் நடந்தது. அதற்கென்று ஜனங்களிடம் தனி ஓட்டு எடுக்கவில்லை. ஆகவே யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது, எத்தனை தடவை கேட்பது என்பதெல்லாம் நம்மையும் தொட்ட கேள்விகளேயாகும்.

இதில் இரண்டு விதமான தப்பபிப்பிராயங்கள் உண்டு. முதலாவது, "ஒரு தடவை சொன்னது சொன்னதுதான், அதை மறுபடி பேசுவதே துரோகம்" என்பது. தோழர்களே! என்றோ சொன்னதை என்றைக்கும் மாற்றக்கூடாது என்பதற்கு நம் நாட்டில் சாஸ்திரம் என்று பெயர். முன்பு மனு சொன்னான் என்று வாயை மூடினார்கள். இப்போது மெஜாரிட்டி சொல்லிற்று என்று மூடுகின்றார்கள். மனிதனுக்கு அறிவு வளருமானால் அபிப்பிராயமும் மாறத்தான் செய்யும். 1950-ல் அமுலுக்கு வந்த நம் அரசியல் சட்டமே இதுவரை நூறு தடவைக்குமேல் திருத்தப்பட்டிருக்கின்றது.

இரண்டாவது, தனக்கு வேண்டிய பதில் வருகிறவரையில் கேட்டுக்கொண்டே இருப்பது. கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். வெள்ளைப் பூ வந்தால் சாமி சம்மதித்தது என்பான். சிவப்புப் பூ வந்தால், "சாமிக்கு இன்று மனசு சரியில்லை, இன்னொரு தரம் எடு" என்பான். அவன் சாமியையா கேட்டான்? தன் ஆசையைத்தானே கேட்டான்? ஜனங்களையும் சில சர்க்கார்கள் இப்படிப் பூப்பொட்டலமாக்கி வைத்துக்கொள்ளப் பார்க்கின்றன. ஆகவே இரண்டாம் தடவை கேட்பது தானாகவே நல்லதுமல்ல, தானாகவே கெட்டதுமல்ல. கேட்கிறவன் யார், கேட்கும் முறை என்ன என்பதுதான் விஷயம்.

சரியாகக் கேட்டதற்கு நம் தேசத்திலேயே ஓர் உதாரணம் கோவா. அங்கே 1963 டிசம்பரில் நடந்த எலெக்ஷனில், கோவாவை மகாராஷ்டிரத்தோடு இணைக்கவேண்டும் என்ற கட்சி ஜெயித்து, தயானந்த் பந்தோட்கர் முதல் மந்திரியானார். எங்களுக்கு ஓட்டுப் போட்டதே இணைப்புக்குச் சம்மதம்தான் என்றார்கள் அக்கட்சியார். அப்படியல்ல, இணைப்பை மாத்திரம் தனியாகக் கேளுங்கள் என்றார்கள் ஜாக் டி செக்வேரா முதலிய எதிர்க்கட்சியார். அதற்கென்று 1966-ல் சட்டம் செய்யப்பட்டது. மந்திரிசபையும் ராஜிநாமாச் செய்து விலகிற்று. 1967 ஜனவரி 16-ல் ஓட்டு எடுத்ததில் இணைப்புக்கு 1,38,170 ஓட்டுகளும், தனியாக இருப்பதற்கு 1,72,191 ஓட்டுகளும் விழுந்தன. ஆனால் அவ்வருஷம் மார்ச்சில் நடந்த எலெக்ஷனில் அதே பந்தோட்கர் கட்சிதான் மறுபடியும் ஜெயித்தது! ஆளைப் பார்த்துப் போடும் ஓட்டு வேறு, காரியத்தைப் பார்த்துப் போடும் ஓட்டு வேறு என்பதற்கு இதைவிட என்ன ருஜு வேண்டும்? மறுபடி கேட்டிராவிட்டால், 1987-ல் கோவா ஒரு தனி ராஜ்யமாகியிருக்க முடியுமா?

கேட்கக்கூடாத மாதிரியில் கேட்டதற்கு உதாரணம் இலங்கை. அங்கே 1977-ல் தேர்ந்தெடுத்த பார்லிமெண்டின் காலம் முடியப்போகும் சமயத்தில், ஜனாதிபதி ஜெயவர்த்தனா எலெக்ஷன் நடத்தவில்லை. அதற்குப் பதிலாக, அதே பார்லிமெண்டு இன்னும் ஆறு வருஷம் இருக்கலாமா என்று 1982 டிசம்பர் 22-ல் ஓட்டு எடுத்தார். அவசரகாலச் சட்டம் அமுலில் இருக்கும்போதே எடுத்தார். சம்மதத்துக்கு விளக்குச் சின்னம், மறுப்புக்குக் குடம். நூற்றுக்குச் சுமார் 55 ஓட்டு விளக்குக்கு விழுந்ததாக முடிவு. யாழ்ப்பாண மாவட்டத்திலோ விழுந்த ஓட்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் குடத்துக்கே விழுந்தது. ஆனாலும் என்ன? 1989 வரையில் புதுப் பார்லிமெண்டு கிடையாது. அதாவது, மறுபடி ஜனங்களைக் கேட்காமலிருப்பதற்கே ஜனங்களிடம் ஓட்டு வாங்கப்பட்டது! பூட்டுச் செய்ய இரும்பையும் நம்மிடமே வாங்கி, நம் வாசலையே பூட்டின கதைதான் இது.

இனி பிரிட்டனுக்கு வருவோம். அங்கே 1975-ல் ஐரோப்பியக் கூட்டில் இருக்கலாமா என்று கேட்டபோது நூற்றுக்கு 67 பேர் இருக்கலாம் என்றார்கள். 2016 ஜூன் 23-ல் மறுபடி கேட்டபோது 52 பேர் விலகலாம் என்றும், 48 பேர் வேண்டாம் என்றும் ஓட்டுப் போட்டார்கள். அப்புறம் இன்னொரு தடவை கேட்கவேண்டும் என்றதற்கு, "ஒரு தடவை கேட்டாயிற்று" என்றார்கள் ஜெயித்தவர்கள். அந்த நியாயப்படி 1975-லேயே கேட்டாயிற்றே! தாங்கள் ஏறிவந்த ஏணியைப் பிறர் ஏறாமல் எடுத்துவிடுவது என்ன நியாயம்?

ஆனால் தோற்றவர்கள் வருத்தப்படுகின்றார்கள் என்பதற்காக மறுபடி கேட்கவேண்டுமென்று நாம் சொல்லவில்லை. 2016-ல் விலகலாமா, இருக்கலாமா என்று மாத்திரந்தான் கேட்டார்கள். என்ன நிபந்தனையில் விலகுவது என்பது அன்று யாருக்கும் தெரியாது. நிபந்தனை எழுதி முடிந்தது 2018 நவம்பரில். அதைப் பார்லிமெண்டே 2019-ல் மூன்று தடவை தள்ளிற்று. நிலம் வாங்கச் சம்மதம் என்று சொன்னவனிடம் கிரயப் பத்திரத்தைப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கவேண்டாமா? அந்தப் பத்திரத்தை ஜனங்களிடம் காட்டி, சரியா, இல்லையா என்று கேட்டிருக்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். கேட்காமலே 2020 ஜனவரி 31-ல் விலகினார்கள்.

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். விஷயம் மாறியிருந்தாலோ, முன்பு மறைந்திருந்தது வெளிப்பட்டாலோ மறுபடி கேட்கலாம், கேட்கவும் வேண்டும். கேட்கும்போது அதிகாரத்திலிருப்பவன் ஒதுங்கி நிற்கவேண்டும். இரண்டு பக்கத்தாரும் பயமின்றிப் பேச இடம் வேண்டும். எத்தனை ஓட்டு வந்தால் முடிவு, எப்போது மறுபடி கேட்கலாம் என்பதை ஓட்டுக்கு முந்தியே எழுதிவிட வேண்டும்.

இன்னும் ஒன்று, இதுதான் முக்கியம். ஒரு கிராமத்தார் கூடி, தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் பொதுக்கிணற்றில் தண்ணீர் எடுக்கலாமா என்று ஓட்டு எடுத்தால், அது ஒரு தடவை எடுத்தாலும் அயோக்கியத்தனம், பத்துத் தடவை எடுத்தாலும் அயோக்கியத்தனமேயாகும். ஒருவன் மனிதனா இல்லையா என்பது மற்றவர்களுடைய ஓட்டைப் பொறுத்ததல்ல. அந்தக் கேள்வியைக் கேட்கவே எந்த மெஜாரிட்டிக்கும் பாத்தியதை கிடையாது. மற்றக் காரியங்களிலோ, கேட்பதும் மாற்றிக்கொள்வதும் சுயமரியாதையுள்ள மக்களின் உரிமையாகும்.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக இதை நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள். இன்று ஒப்புக்கொண்டதை நாளைக்கு மறுபடி யோசித்து மாற்றிக்கொள்ளவும் உங்களுக்குப் பூரண உரிமையுண்டு.