பழைய கார் ஆம்ப்ளிபையரைப் பழுது பார்க்கும்போது



தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறிவரும் வளைவுச் சாலையில் பழைய லேண்ட்ரோவர் வண்டிகள் இன்றும் காய்கறி ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. அந்த வண்டிகள் சிலவற்றிலும், நம் வீட்டுப் பிள்ளைகள் பழையதாக விலைக்கு வாங்கிய கார்களிலும், இருக்கைக்கு அடியில் செதிள் செதிளாக ஓர் அலுமினியப் பெட்டி இருக்கும். ரேடியோவின் மெல்லிய ஒலியைப் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆம்ப்ளிபையர் அது. பத்துப் பதினைந்து ஆண்டு ஓடியபின் அது உறுமத் தொடங்கும், ஒரு பக்கம் ஊமையாகும், அல்லது பியூசை அடுத்தடுத்து எரிக்கும். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி என்று 2025-இல் ஆன பிறகும், புதிதாக ஒன்று வாங்கு என்று தோட்டத்துக் குடும்பத்தில் எளிதில் சொல்லிவிட முடியாது. ஆகவே பழுது பார்ப்பதுதான் வழி.

பெட்டியைத் திறந்ததும் இளைஞர்களுக்கு ஓர் ஆசை வரும். 'திறந்தது திறந்தாகிவிட்டது, எல்லாவற்றையும் இன்னும் பெரியதாகப் போட்டுவிடலாமே, சத்தமும் கூடுமே' என்பதுதான் அது. எதை உயர்த்தலாம், எதை இருந்தபடியே போட வேண்டும், எதைத் தொடவே கூடாது என்பதை இன்று பார்ப்போம்.

முதலில் சத்தக் கணக்கு. கார் ஓடும்போது பேட்டரி முனையில் ஏறக்குறைய 14.4 வோல்ட் இருக்கும். 4 ஓம் ஸ்பீக்கருக்கு இந்த மின்னழுத்தத்தை நேரடியாக எவ்வளவு திறமையாகக் கொடுத்தாலும் ஏறக்குறைய 26 வாட்டுக்கு மேல் போகாது. அதற்கு மேல் வேண்டுமானால், பெட்டிக்குள் ஒரு சிறு டிரான்ஸ்பார்மர் வைத்து மின்னழுத்தத்தை ஏற்றியாக வேண்டும். பெரிய ஆம்ப்ளிபையர்களில் வளையம் போல் செம்புக்கம்பி சுற்றிய ஒரு பொருள் இருக்கிறதே, அதன் வேலை இதுதான். ஆகவே கண்டன்சரையும் டிரான்சிஸ்டரையும் விலை உயர்ந்ததாக மாற்றினால் வாட் கூடிவிடும் என்று எண்ணுவது, குழாயைப் பெரிதாக்காமல் வாளியைப் பெரிதாக்கினால் தண்ணீர் கூட வரும் என்று எண்ணுவதைப் போன்றது.

பெட்டியின் மேல் 1000 வாட் என்று தங்க எழுத்தில் அச்சடித்திருக்கும். அதை நம்ப வேண்டாம். பியூசைப் பாருங்கள். 20 ஆம்பியர் பியூஸ் என்றால், 20-ஐ 14-ஆல் பெருக்க 280 வாட். உள்ளே போவதே இவ்வளவுதான். அதிலும் பாதியளவு வெப்பமாகப் போக, ஸ்பீக்கருக்கு 150 வாட் கிடைத்தால் பெரிது. பியூஸ் அநேகமாகப் பொய் சொல்வதில்லை.

சரி, வேலைக்கு வருவோம். திறப்பதற்கு முன் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். கழற்றிய பிறகும், மின்னழுத்தத்தை ஏற்றும் வகை ஆம்ப்ளிபையருக்குள் 60 வோல்ட் வரை தேங்கி நிற்கலாம். திருப்புளியால் தட்டிப் பொறி பறக்க வைப்பது சில பட்டறைகளில் வழக்கம். அது வேண்டாம். 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இரண்டு முனைகளுக்கும் குறுக்கே சற்று நேரம் பிடித்தால் மின்சாரம் அமைதியாக வடிந்துவிடும்.

பணம் செலவில்லாத வேலையை முதலில் செய்ய வேண்டும். கீழ்நாட்டில் எலெக்ட்ரானிக் சாமானுக்கு வெயில் எதிரி. இங்கோ மாலையில் இறங்கும் பனிமூட்டமும் ஈரமும் எதிரி. கம்பி சொருகும் முனைகளிலும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு உள்ளேயும் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். போதாததற்கு, தோட்டத்து மண்சாலையின் குலுக்கலில் ஈயப்பற்றுகள் வெடித்திருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கம்பியைச் சுற்றி மயிரிழை போன்ற வளையம் தெரியும். இவற்றைத் துடைத்து, வெடித்த இடங்களில் மறுபடி ஈயம் உருக்கிவிட்டால், 'செத்துப்போனது' என்று ஒதுக்கிய பெட்டிகளில் பல எழுந்து பாடும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோறு உண்ணும் முன் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். சின்னப் பிள்ளைகளை அந்தப் புகைக்குப் பக்கத்தில் விடக் கூடாது.

இனி, உண்மையாகவே உயர்த்த வேண்டிய சாமான். பள்ளிப் புத்தகம் மின்தேக்கி என்கிறது, கடைக்காரர் கண்டன்சர் என்கிறார். உருளை வடிவத்தில் நிற்பவை மின்பகு கண்டன்சர்கள். அலுமினியத் தகட்டுக்கு நடுவே ஒரு காகிதம், அந்தக் காகிதத்தில் ஊறிய திரவம், இவ்வளவுதான் அதன் வயிறு. ஆண்டுகள் செல்லச் செல்லத் திரவம் காய்கிறது. தலை உப்புகிறது, அல்லது அடியில் கசிகிறது. அதன்பின் தேக்கும் சக்தி குறைந்து உறுமல் கேட்கிறது. 2000-ஆம் ஆண்டையொட்டிய சில வருடங்களில் தயாரான கண்டன்சர்கள் பலவற்றில் இந்தத் திரவமே பழுதாக இருந்ததால், உலகம் முழுவதும் ஏராளமான கணினிகள் அற்ப ஆயுளில் கெட்டன. எனவே அந்தக் காலத்துப் பெட்டி என்றால் கூடுதலாகச் சந்தேகப்படலாம்.

கண்டன்சரின் உடம்பில் 85 டிகிரி அல்லது 105 டிகிரி என்று எழுதியிருக்கும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் இதன் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது பொதுக் கணக்கு. அப்படியானால் 85 இருந்த இடத்தில் 105 போட்டால், அதே சூட்டில் ஏறக்குறைய நான்கு மடங்கு நாள் உழைக்கும். விலை வித்தியாசம் சில காசுகள். மின்னழுத்தத்தையும் ஒரு படி உயர்த்தலாம். பேட்டரிப் பக்கத்தில் 16 வோல்ட் என்று இருப்பது மிக நெருக்கமான அளவு, 25 வோல்ட் போட்டால் நிம்மதி. மின்னழுத்தத்தை ஏற்றும் பகுதியில் வினாடிக்குப் பல்லாயிரம் தடவை மின்சாரம் துடிப்பதால், உள்தடை குறைந்த வகையைக் கேட்டு வாங்க வேண்டும். உயரம் கூடினால் மூடி இடிக்கும், அளவுகோலையும் மறக்க வேண்டாம். எதிர்முனைக் கோடு எந்தப் பக்கம் என்று கழற்றும் முன்பே கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்வது நல்லது. மாற்றிப் போட்டால் வெடிக்கும்.

கொள்ளளவை மட்டும் அதிகம் உயர்த்தக் கூடாது. 1000 மைக்ரோபாரட்டுக்கு 1200 போட்டால் கேடில்லை. 4700 போட்டால், சுவிட்சைப் போட்ட கணத்தில் அந்தப் பெரிய வயிற்றை நிரப்பப் பாயும் மின்னோட்டமே டிரான்சிஸ்டரை எரித்துவிடக்கூடும். பெரிய உறைக்குள் சின்னக் கண்டன்சரை ஒளித்து விற்கும் போலிகளும் உண்டு. கையில் எடுத்தால் கனமே இருக்காது.

டிரான்சிஸ்டர்களைப் பொறுத்தவரை அதே எண், அதே ஜோடி. வரிசையில் ஒன்று எரிந்திருந்தால் அந்த வரிசை முழுவதையும் மாற்றிவிடுவது நல்லது. அதற்கும் அலுமினிய உடம்புக்கும் இடையே பூசிய வெள்ளைப் பசை காய்ந்து பொடியாகியிருந்தால் சுரண்டிவிட்டுப் புதிதாக மெல்லப் பூச வேண்டும். நடுவிலுள்ள மைக்கா தகட்டைத் தவறாமல் திருப்பி வைக்க வேண்டும். எட்டுக் கால் பூச்சி போன்ற 4558 என்னும் சில்லுக்குப் பதில் 5532 போட்டால் இரைச்சல் குறையும் என்பார்கள். வீட்டில் அமர்ந்து கேட்பவருக்கு அது உண்மையாக இருக்கலாம். டீசல் எஞ்சின் அலறும் லேண்ட்ரோவருக்குள் அதைக் கண்டுபிடிக்கும் காது யாருக்கு இருக்கிறது?

இப்போது பியூஸ். இதைத்தான் மிகவும் வற்புறுத்திச் சொல்கிறோம். 20 இருந்த இடத்தில் 40 போடுவதும், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிச் சொருகுவதும் நம் பகுதியில் நடக்கின்றன. பியூஸ் காப்பாற்றுவது ஆம்ப்ளிபையரை மட்டுமல்ல, பேட்டரியிலிருந்து வரும் கம்பியையும்தான். அந்தக் கம்பி இருக்கைக்கு அடியில், கம்பளத்துக்குக் கீழே, பெட்ரோல் குழாய்க்கும் பக்கத்தில் ஓடலாம். பியூஸ் எரியாவிட்டால் கம்பி எரியும். காலையில் அதே வேனில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றுகிறோம். பியூஸ் திரும்பத் திரும்பப் போனால் உள்ளே பழுது இருக்கிறது என்று பொருள், பியூஸ் சிறியது என்றல்ல. உயர்த்த ஆசையிருந்தால் கம்பியின் தடிமனை உயர்த்துங்கள். மேலும், பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஒரு பியூஸ் இருந்தே ஆக வேண்டும். ஆம்ப்ளிபையர் உடம்பில் உள்ள பியூஸ் நடுவழியில் உரசிய கம்பியைக் காக்காது.

எல்லாம் பூட்டியபின் நேரே பேட்டரியில் கொடுக்காதீர்கள். காரின் சிக்னல் விளக்குக்குப் போடும் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை நேர்முனைக் கம்பிக்கு நடுவே தொடராக இணையுங்கள். பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்ல அறிகுறி. பளீரென்று நின்று எரிந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. உடனே கழற்றிவிட வேண்டும். ஐம்பது காசு பியூசும் மிச்சம், புது டிரான்சிஸ்டரும் மிச்சம். அடுத்து, ஸ்பீக்கரை மாட்டும் முன் அதன் முனைகளில் மீட்டரை வைத்து நேர்மின்னழுத்தம் பார்க்க வேண்டும். 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் மாட்டலாம். சில வோல்ட் காட்டினால் ஸ்பீக்கரின் சுருள் கருகிவிடும், மாட்ட வேண்டாம்.

மூடியைப் பூட்டும் முன், மாற்றிய சாமான்களின் அளவையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி மூடியின் உட்புறம் ஒட்டிவையுங்கள். இன்னும் பத்து வருடம் கழித்து அந்தப் பெட்டியைத் திறப்பவர், அது உங்கள் தம்பியோ மகனோ, முதலில் தேடுவது அதைத்தான்.